பெயர் சொல்லும் குரல்

அன்புள்ள ஐயா,

காய்ச்சலுக்காக விடுப்பு எடுத்த ஒரு நாளில் ஆகாசவாணியின் ‘ராகம்’ அலைவரிசையைக் கைப்பேசியில் காலையிலிருந்து இரவு வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம், வீணை, இந்துஸ்தானி என்று மாறி மாறி வந்தது. எனக்கு அடையாளம் தெரிந்தது மோகனம் ஒன்றுதான். முறையாக ரசிக்க எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்? இன்னொன்று. விடியற்காலைக்குரிய பூபாளத்தை இரவு எட்டு மணிக்கு ஒலிபரப்பினார்கள். வானொலியில் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்களா? ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் அறிவிப்பாளர் குறுக்கிடுவதும் எரிச்சலாக இருந்தது. அவர் பேச வந்தாலே ஒலியைக் குறைத்துவிட்டேன்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். படுக்கையில் கிடந்தபடி ஒரு நாள் முழுக்க சங்கீதம் கேட்டவர் முறையாக ரசிப்பது பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. புத்தகம் பிறகு இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. ஒலியைக் குறைத்தவர் நீங்கள். குற்றம் வானொலியின் மேலா? இரவு எட்டு மணிக்கு நீங்கள் கேட்டது பூபாளமாக இருக்காது. இந்துஸ்தானியில் பூபாலி என்று ஒரு ராகம் உண்டு. பூப் என்றும் சொல்வார்கள். இரவின் முதல் சாமத்துக்கு உரியது. பாதி காதில் விழுந்த பெயரை நீங்களே பூபாளமாக்கிக்கொண்டீர்கள். எனக்கு வருத்தம் அதில் இல்லை. பூபாலியின் ஐந்து சுரங்களும் நம் மோகனத்தின் சுரங்கள்தான். உங்களுக்குத் தெரிந்த ஒரே ராகம் வேறு நடையில், வேறு பாஷையில் உங்கள் கட்டிலருகே வந்து நின்றிருக்கிறது. நீங்கள் யாரோ என்று திரும்பிப் படுத்துவிட்டீர்கள். பெயரைச் சரியாகக் கேட்டு ஒரு தாளில் குறித்திருந்தால், பின்னொரு நாள் மால்கௌன்ஸ் வரும்போது ‘இது நம் ஹிந்தோளம் அல்லவா’ என்று எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். யமனில் கல்யாணி தெரிந்திருக்கும்.

இந்த அறிவிப்பைப் பற்றித்தான் சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம்தான் எங்கள் பக்கத்துத் தெருக்களின் கச்சேரி மேடை. தெருமுனையில் ஒரு தையல் கடை இருந்தது. அந்த டெய்லர் மாமா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. அவர் கடையில் நான் பார்த்த ஒன்றை வேறு எங்கும் பார்த்ததில்லை. பாட்டு ஓடும்போது மிஷினும் ஓடும். பாட்டு முடிந்து அறிவிப்பாளரின் குரல் வந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், கடம். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் வெட்டுப் பலகையிலேயே மளமளவென்று குறித்துக்கொள்வார். அடுத்த பாட்டு தொடங்கியதும் நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நிதானமாக எழுதி, பில் கம்பியில் குத்திவிட்டு, உள்ளங்கையால் பலகையைத் துடைப்பார். பலகையின் அந்த மூலை மட்டும் எப்போதும் வெளுத்திருக்கும்.

“பாட்டுக்கு நிறுத்தாமல் பேச்சுக்கு நிறுத்துகிறீர்களே மாமா?” என்று ஒருமுறை கேட்டேன். “பாட்டு எப்படியும் காதில் தங்கிவிடும் தம்பி. வாசித்தவன் பேர் தங்காது. நாமாகப் பிடித்து வைத்தால்தான் உண்டு” என்றார்.

பெயருக்காக இந்தக் கலைஞர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1902-இல் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகளில், பாட்டு முடிந்ததும் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று அவரே ஆங்கிலத்தில் கூவிச் சொல்வது கேட்கும். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில். யார் பாட்டு இது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே! வானொலி வந்த பிறகு அந்தப் பொறுப்பை அறிவிப்பாளர் எடுத்துக்கொண்டார். கச்சேரி தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை, பக்கவாத்தியக்காரர் பெயர் உட்பட. கடம் வாசித்தவரின் வீட்டிலும் யாரோ அந்தப் பெயருக்காகக் காத்திருப்பார்கள். இன்று இணையத்தில் அதே கச்சேரிகள் பாட்டுப் பாட்டாக வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. பாடகர் படம் பெரிதாக இருக்கிறது. வயலின் யார்? மிருதங்கம் யார்? முதலில் வெட்டி எறிவது அறிவிப்பைத்தான். நீங்கள் ஒலியைக் குறைத்துச் செய்ததும் அதே வேலை. தயவுசெய்து இனிமேல் செய்யாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தலைமாட்டில் வையுங்கள்.

மாமா காலமான பின் அந்தத் தாள்களில் ஒரு கட்டை அவர் மகன் என்னிடம் கொடுத்தார். எண்ணெய்க் கறை, நூல் பிசிறு, கம்பி குத்திய துளை. அதில் ஒரு தாள் மற்றவை போல் இல்லை. ‘நிலையம் திறக்குமுன் வரும் வாத்தியம். ராகம் சிவரஞ்சனி மாதிரி. போட்டவர்’ என்று எழுதி, அதற்குப் பிறகு வெறுமனே விட்டிருந்தார். எத்தனை விடியற்காலைகளில் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாரோ. எல்லார் பெயரையும் சொன்ன வானொலி அந்தப் பெயரைச் சொல்லி நானும் கேட்டதில்லை. ஆகாசவாணியின் அடையாள இசையான அந்த மெட்டை அமைத்தவராகச் சொல்லப்படுபவர், ஹிட்லர் தலையெடுத்த ஐரோப்பாவை விட்டு 1934-இல் பம்பாய்க்கு வந்து, அங்கே வானொலியில் வேலை பார்த்த ஒரு யூதர். இதை நான் தெரிந்துகொள்ளும்போது தையல் கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த இரவு அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். அவர் விட்ட இடத்தில் பென்சிலாலேயே எழுதினேன்: வால்டர் காஃப்மன்.