எட்டு வயது மகள் "நத்தார் தாத்தா பொய்தானே?" என்று கேட்கிறாள். கிறிஸ்மஸ் தாத்தாவைத்தான் சொல்கிறாள். அவள் நம்பிக்கையைக் கெடுக்காமல் என்ன பதில் சொல்வது?

உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எட்டு வயதுக்குள் வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். "பொய்தானே" என்று அவள் கேட்கும் விதத்திலேயே அது தெரிகிறது. தெரிந்த பிறகும் நம்பிக்கொண்டு இருக்கலாமா என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். நீங்களோ உண்மையைச் சொல்வதா, பொய்யைக் காப்பாற்றுவதா என்று தவிக்கிறீர்கள். இரண்டும் தேவையில்லை. ஏன் என்று என் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் வளர்ந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுப் பெண். அப்பா வீட்டுக்கு மாரியம்மன். எங்கள் காம்பராவில் ஒரு சுவரில் மாதா படம், எதிர்ச் சுவரில் அம்மன் படம். நத்தார் நெருங்கினால் அம்மா மலையிலிருந்து இறங்கும்போது பாலன் குடில் கட்ட மானாப்புல்லும் பாசியும் கொண்டு வருவார். அப்பா எங்கிருந்தாவது ஒரு சைப்ரஸ் கிளையை வெட்டி வந்து மண் நிரப்பிய தகர டின்னில் நட்டு வைப்பார்.

அப்புறம் கரோல் வரும். டிசம்பர் மழை, பனிமூட்டம், பெட்ரோமெக்ஸ் வெளிச்சம், டொலக்கிச் சத்தம். முன்னால் நத்தார் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். பஞ்சுத் தாடி, கடையில் வாங்கிய முகமூடி, தோளில் கழுவிக் காயவைத்த உரச்சாக்கு. எங்கள் லயத்தில் வேதக்கார வீடுகள் கொஞ்சம்தான். ஆனாலும் அவர் ஒரு வாசலையும் விடமாட்டார். விபூதி பூசிய பாட்டிமார்கூட அவர் கையைப் பிடித்து ஆடுவார்கள்.

ஒரு வருடம் அவர் எங்கள் வாசலில் நின்றபோது நான் அவர் காலைப் பார்த்தேன். கம்பூட்ஸ். வலது காலில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிய ஒட்டு. அது மருந்தடிக்கப் போகும் என் சித்தப்பாவின் பூட்ஸ். அந்த ஒட்டை அவர் ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பசை டப்பாவைப் பிடித்திருந்தது நான்தான். சந்தேகத்துக்கே இடமில்லை.

நான் கத்தவில்லை, அழவும் இல்லை. அவர் குனிந்ததும், எனக்குக் கலர் பென்சில் வேண்டும் என்று காதில் சொன்னேன். அவரும் குரலை மாற்றி, "சரி புள்ள" என்றார். மறுநாள் காலையில் சித்தப்பா, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் வந்து, "நேத்து ராத்திரி நத்தார் தாத்தா வந்தாராமே, என்ன சொன்னாரு?" என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் முதல்முறை கேட்கிறவர் போலக் கேட்டார். அந்தக் காலையில் நத்தார் தாத்தாவை நான் முன்னைவிட அதிகமாக நம்பினேன். இதை யாருக்கும் நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் அதுதான் நடந்தது.

இது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். மலையகத்து ஆட்களுக்குப் புரியும். அதே சித்தப்பா மாசி மாதத்தில் மீசையை எடுத்துவிட்டு காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவார். மன்மதனைச் சிவன் எரித்ததும் காமன் பொட்டலில் ரதி அழுதால் சுற்றி நிற்கும் பெண்கள் எல்லாரும் அழுவார்கள். அவர் யார், எந்த லயம், எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கும்பிடுகிறார்கள். ஆளைத் தெரிவதும் வேஷத்தை நம்புவதும் ஒன்றையொன்று கெடுக்காது என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நத்தார் விஷயத்தில் மட்டும் ஏன் பிள்ளையை ஓர் அறையில் உட்காரவைத்து "இதோ பார், உண்மை என்னவென்றால்" என்று தொடங்க வேண்டும்?

வேத ஆட்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, பாலன் பிறப்பை விட்டுவிட்டுத் தாத்தாவைப் பிடித்துத் தொங்குகிறாள் என்பார்கள். எங்கள் வீட்டில் நள்ளிரவுப் பூசைதான் முதல், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தத் தாத்தாவின் வேரும் ஒரு புனிதர்தான். இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரில் நாலாம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கலஸ். டிசம்பர் 6 அவருடைய திருநாள். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் யன்னல் வழியே பொன் முடிச்சுகளைப் போட்டார் என்று கதை. என் மகள் கேட்ட அன்று இந்தக் கதையைத்தான் சொன்னேன். சீதனம் என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

கலைமான் வண்டி, புகைக்கூண்டு வழியே இறங்குவது எல்லாம் பிறகு வந்தவை. 1823 டிசம்பரில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியான பாட்டு ஒன்றுதான் அவற்றை ஊருலகம் அறியச் செய்தது. கோப்பித் தோட்டத்துக்கு எங்கள் முன்னோர் வந்த வருடம் என்று நாங்கள் நினைவுகூருவதும் அதே 1823. புகைக்கூண்டு துரை பங்களாவுக்குத்தான் இருந்தது. லயத்தில் விறகுப் புகை தகரத்து இடுக்கு வழியே போகும். அதனால் எங்கள் தாத்தா வாசல் வழியாக, மழையில் நனைந்துகொண்டு, டொலக்கியோடு வந்தார். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்று சொல்கிறேன். என் மகள் டவுனில் ஒரு முன்பள்ளிக்குப் போனாள். பெயர் வேண்டாம். அங்கே நத்தார் விழாவுக்கு முன்னால் பெற்றோரே பரிசு வாங்கிச் சுற்றி, பெயர் எழுதி ஒப்படைக்க வேண்டும். மேடையில் தாத்தா பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். 2022 டிசம்பர் அது, பொருளாதார நெருக்கடி வருடம். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுசாக. ஒரு பிள்ளைக்கு ரிமோட் கார், இன்னொன்றுக்கு ஆளுயர பொம்மை. தோட்டத்திலிருந்து வரும் ஒரு சிறுமிக்குப் பழைய பத்திரிகைத்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம். கொடுக்கும்போது மைக்கில் "நல்ல பிள்ளைகளுக்கு நத்தார் தாத்தா நல்ல பரிசு கொண்டு வந்திருக்கிறார்" என்று அறிவிப்பு வேறு. வீட்டுக்கு வரும் வழியில் என் மகள் கேட்டாள், "அம்மா, அவ நல்ல புள்ள இல்லையா?"

தாத்தா வெறும் வேஷம் என்று தெரிந்தால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று கவலைப்படுகிறோம். அந்தச் சிறுமி அன்று மேடையில் அவரை நம்பிக்கொண்டுதான் நின்றாள். நம்பியதால்தான் அவளுக்கு வலித்தது. நான் மறுவாரமே போய்ப் பேசினேன். "மற்றப் பெற்றோர் விரும்புகிறார்கள்" என்றார்கள். நான் பொறாமையில் பேசுவதாகவும் ஒருவர் சொன்னாராம். சொல்லட்டும்.

    

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். நான் பிள்ளை வளர்ப்பு நிபுணர் இல்லை, எனக்குச் சரிவந்ததைத்தான் சொல்கிறேன். "நீ என்ன நினைக்கிற?" என்று முதலில் அவளையே கேளுங்கள். "வேஷம் போடுறது ஒரு மனுஷர்தானே" என்றால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். அவர் யார் என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம், அவள் கண்டுபிடிக்கட்டும். அடம்பிடித்தால் தாத்தா பரிசு தரமாட்டார் என்று ஒருநாளும் மிரட்டாதீர்கள். நம்பிக்கையைக் கொல்வது அந்த மிரட்டல்தான். பெரிய பரிசை அம்மா அப்பா பெயரிலேயே கொடுங்கள், தாத்தா பெயரில் வருவது எந்த வீட்டிலும் வாங்கக்கூடிய சின்னப் பொருளாக இருக்கட்டும்.

உங்கள் கோயில் இளைஞர்கள் இந்த வருடம் கரோல் போகிறார்களா என்று விசாரியுங்கள். போனால் உங்கள் வாசலுக்கும் வரச்சொல்லுங்கள், பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஆடி நனைந்து வருகிறவர்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ தயாராக வையுங்கள். உங்கள் மகள் தன் கேள்வியை நேரே அவரிடமே கேட்கட்டும்.