ஆண் பன்றிக் கறியைச் சமைக்கும்போது மூத்திர வாடை வருவது ஏன், கறி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. காயடிக்காத ஆண் பன்றி பருவத்துக்கு வந்ததும் அதன் விதைகளில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற ஸ்டீராய்டு சுரக்கும். எச்சில் வழியே பெண் பன்றியை இழுப்பதுதான் அதன் வேலை, ஆனால் கொழுப்பில் கரைகிற பொருள் என்பதால் உடம்புக் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடும். மூத்திர வாடை இதனால்தான். கூடவே வரும் சாண நாற்றத்துக்குக் காரணம் ஸ்கேட்டோல், பெருங்குடல் பாக்டீரியா டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும்போது உண்டாவது. சரி, அது பெண் பன்றிக் குடலிலும் உண்டாகிறதே என்றால், அங்கே கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது, ஆணிலோ விதையில் சுரக்கும் ஸ்டீராய்டுகள் அந்த வேலையை மந்தமாக்குகின்றன. வாணலியில் கொழுப்பு உருகும்போதுதான் எல்லாம் குப்பென்று கிளம்பும். வேடிக்கை என்னவென்றால், ஒருவர் மூக்கைப் பொத்துவார், பக்கத்திலிருப்பவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். ஆண்ட்ரோஸ்டினோன் வாடையே தெரியாத மூக்குகள் நிறைய உண்டு.