டீச்சரிடம் கேளுங்கள்: எழுந்து நிற்கச் சொல்வது யாரை?

(திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். வகுப்பறையில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே வாய்ப்புதான் கிடைக்கிறதா என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.)

டீச்சர், என் மகள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் உதவித்தொகைக்காக பாஸ்புக் நகல் கேட்டார்கள். வகுப்பாசிரியர், "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்று சொன்னாராம். இவளுக்கு எழுந்திருப்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை. அவரே பெயர் சொல்லி எழுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "அம்மா, நாம எஸ்.சி.யா? அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். ஆசிரியர் நல்ல மனிதர்தான். இதைப் பெரிதுபடுத்தலாமா?
— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பெரிதுபடுத்துங்கள் அம்மா. சத்தம் போடாமல் பெரிதுபடுத்துங்கள்.

அந்த ஆசிரியரின் நிலைமை எனக்குத் தெரியும். காலை பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வரும், சாயங்காலத்துக்குள் பட்டியல் போக வேண்டும் என்பார்கள். ஈராசிரியர் பள்ளி என்றால் ஒருவர் பயிற்சிக்குப் போயிருப்பார். இருக்கிற ஒருவர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்வார். எழுந்திருக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தலையை எண்ணிவிடலாம் அல்லவா.

ஆனால் அந்தப் பட்டியலுக்காக யாரையும் எழுப்பத் தேவையே இல்லை. சாதிச் சான்று விவரமெல்லாம், மாணவர் விவரங்களைப் பதிகிற கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. நான் வகுப்பு முழுவதையும் பாஸ்புக் நகல் கொண்டு வரச் சொல்லிவிடுவேன். இன்றைக்கு ஆதிதிராவிடர் பெண் பிள்ளைக்கு ஊக்கத்தொகை என்றால், நாளைக்கு மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் பிள்ளைக்கு வரும். எப்படியும் எல்லோருடையதும் ஒருநாள் தேவைப்படத்தான் போகிறது. வாங்கி அலுவலக பீரோவில் வைத்துவிட்டால் பட்டியலைப் பார்த்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் பள்ளி மாணவனை, சாதி வெறியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்வது பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் எனக்குப் பட்டது அதிலிருந்த சின்னச் சின்ன விஷயங்கள்தான்: வருகைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியை வைத்து நேராகவோ மறைமுகமாகவோ கூப்பிடக் கூடாது, உதவித்தொகை பற்றித் தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பரிந்துரை வேறு, அரசாணை வேறு என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். நீங்கள் போய், "சார், சந்துரு கமிட்டி சொன்ன மாதிரி செய்யலாமே" என்று கேட்டால் நல்ல மனிதர் என்று நீங்களே சொல்கிற அந்த ஆசிரியர் மறுக்க மாட்டார். மறுத்தால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசி பெற்றோர்தான்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். "ஆமாம்" என்று சொல்லுங்கள். மறைத்தால் வெட்கப்பட வேண்டிய சங்கதி என்று அவளே முடிவுகட்டிக்கொள்வாள். அம்பேத்கர் சின்ன வயதில் வீட்டிலிருந்து சாக்குப் பை கொண்டுபோய், வகுப்பில் ஒரு மூலையில் விரித்து உட்கார்ந்து படித்தார் என்பதையும் சொல்லுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். அடுத்து, "ஏன் அப்படி உட்கார வச்சாங்க?" என்று கேட்பாள். அதற்குப் பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேரன் இரண்டாம் வகுப்பு. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் இவனை 'அரும்பு' என்று பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் 'மலர்'. தெருவில் விளையாடும்போதுகூட "டேய் அரும்பு" என்றுதான் கூப்பிடுகிறான்.
— ஒரு தாத்தா, மேலூர்

கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்து, எழுத்துக் கூட்டத் தெரியாமல் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்றார்கள். அதற்காக 2022-23இல் வந்த திட்டம் அது. தெரிந்த அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதில் தப்பில்லை ஐயா. எழுத்தே தெரியாதவனிடம் பத்தியை வாசி என்று நீட்டுவதுதான் அநியாயம்.

தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். ஆகவே பாடத்துக்குப் பாடம் இடம் மாறி உட்கார வேண்டும், அந்த நேரம் முடிந்ததும் கலைந்துவிட வேண்டும். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார வைத்தால் அது பட்டப் பெயராகிவிடுகிறது. மிஸ்ஸிடம் இதை மட்டும் கேளுங்கள். தெருவில் கூப்பிடுகிற பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். அவனுக்கும் ஏதாவது பட்டப் பெயர் இருக்கும்.

திருப்பூர் ஆசிரியை எழுதுகிறேன், டீச்சர். என் ஒன்றாம் வகுப்பில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் பலர். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். சில பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதார் இல்லை, திடீரென்று வருகிறார்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பொங்கல் வரை ஆளைக் காணோம். உள்ளூர்ப் பெற்றோர் சிலர், "எங்க பிள்ளை தமிழ் கெட்டுப்போகும்" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?
— தி.ந., திருப்பூர்

முதலில் காகிதங்களை முடித்துவிடுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வரவில்லை என்று வெளியே நிறுத்தக் கூடாது. நடுவில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளியில் சேர ஆதார் கட்டாயமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எமிஸில் ஏற்ற முடியவில்லை என்பது அலுவலகத்துப் பிரச்சினை, குழந்தையின் பிரச்சினை இல்லை.

இனி வகுப்பு. வந்த முதல் நாளே 'அ' எழுத வைக்காதீர்கள். ஒரு மாதம் காதால் கேட்கட்டும். உள்ளே வா, உட்கார், எடு, கொடு, தண்ணி, ஒன்னுக்கு, வலிக்குது. முதல் வாரத்தில் இத்தனை போதும். கடைசி இரண்டும் தெரியாத குழந்தை படுகிற பாடு இருக்கிறதே! ஒன்றுக்குப் போகணும் என்று கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துவிட்டு, அதற்குப் பயந்து மறுநாள் வராமலே இருந்துவிடும்.

கணக்கு வேளையை அவர்களிடமே கொடுங்கள். புளியங்கொட்டையைக் குவித்து வைத்து ஒடிசாப் பிள்ளை "ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச" என்று எண்ணட்டும், வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு பீகார்ப் பிள்ளை, அப்புறம் நம் பிள்ளைகள். அன்றைக்கு அந்தக் குழந்தைதான் டீச்சர். இத்தனை நாளும் எதுவும் தெரியாதவள் என்று பேரெடுத்தவள் ஒரு பீரியடில் தெரிந்தவளாகிவிடுவாள். பக்கத்தில் உட்கார வைக்க வாயாடிப் பிள்ளையாகப் பாருங்கள். முதல் ரேங்க் பிள்ளை தன் சிலேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மொழி கற்றுக்கொடுக்க வாயாடிதான் சரி.

ஊருக்குப் போகிறவர்களை வராதவர் கணக்கில் தள்ளிப் பெயரை நீக்கிவிடாதீர்கள். கிளம்பும்போது புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், அப்பாவின் போன் எண்ணை எழுதி வையுங்கள். மேஸ்திரியின் எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது, பழைய எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

தமிழ் கெட்டுப்போகும் என்கிற பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கும்போது இந்தக் கவலை எங்கே போயிருந்தது?

எங்கள் ஊர்ப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் பெண் தலித். என் மாமியார், "பிள்ளை வீட்டிலேயே சாப்பிட்டுப் போகட்டும்" என்கிறார். காரணம் கேட்டால் "உப்புமா ஆகாது" என்று சமாளிக்கிறார். பையனோ சேர்ந்து சாப்பிடணும் என்று அழுகிறான்.
— வாசகி, கரூர் மாவட்டம்

உங்கள் மாவட்டத்திலேயே 2023இல் இதே விவகாரம் பெரிதாகி, கலெக்டர் நேரில் போக வேண்டி வந்ததே. உங்கள் மாமியாரும் படித்திருப்பார்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். மதியச் சாப்பாட்டுச் சமையல் வேலையில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தரச் சொல்லி 2004இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. ஒரே பாத்திரத்தில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் தீட்டு போய்விடும் என்பதுதான் அந்த உத்தரவின் கணக்கு. உங்கள் மாமியார் பயப்படுவதும் அதே கணக்குக்குத்தான்.

பையனை அனுப்பிவிடுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உப்புமா ஆகாதென்றால் புதன்கிழமை பொங்கலாமே, அதிலிருந்து தொடங்கலாம். முடிந்தால் ஒருநாள் நீங்களும் பள்ளிக்குப் போய் அந்த அம்மா கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வந்து ருசியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஆட்டோ ஓட்டுகிறேன். என் மகள் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தவள், இப்போது இரண்டாம் வகுப்பு. ஒதுக்கீட்டுப் பிள்ளைகளை எல்லாம் 'டி' செக்‌ஷன் என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு கிடையாது. கேட்டால் "ஃபீஸ் கட்டுறவங்களுக்குத்தான்" என்கிறார்கள்.
— ஒரு தந்தை, சென்னை

இது சட்ட விரோதம். கல்வி உரிமைச் சட்ட விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: இந்த ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளைத் தனி வகுப்பில் பிரிக்கக் கூடாது, வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ பாடம் நடத்தக் கூடாது, புத்தகம், சீருடை, நூலகம், கம்ப்யூட்டர், விளையாட்டு எதிலும் வேற்றுமை காட்டக் கூடாது. எழுத்தில் கேளுங்கள். நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு அந்த நகலோடு புகார் அனுப்புங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். தனியாகப் போகாதீர்கள். 'டி' செக்‌ஷன் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் போனால் அந்தப் பிள்ளை மீது கண் விழும், எல்லோரும் போனால் யார் மீது விழும்?

பேத்திக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம். பேச்சு நன்றாக வரும், நடக்க முடியாது. பள்ளியில் "வீட்டிலேயே வச்சுக்குங்க, டீச்சர் வந்து சொல்லித் தருவாங்க" என்கிறார்கள்.
— பாட்டி, தேனி மாவட்டம்

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பது, படுத்த படுக்கையாக இருக்கிற, எந்த வகையிலும் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக. பேசுகிற குழந்தையை வீட்டில் பூட்டுவதற்காக அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலேயே இலவசமாகப் படிக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் எங்கே படிப்பாள் என்பதைப் பள்ளி அல்ல, நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

உங்கள் வட்டார வள மையத்துக்குப் போய் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். இயன்முறை சிகிச்சையாளரும் அங்கே வருவார். இடுப்பில் பெல்ட் போட்ட நாற்காலி, அழைத்துப் போகிறவருக்கான படி, இரண்டையும் கேளுங்கள். வகுப்பு மாடியில் என்றால் கீழே மாற்றச் சொல்லுங்கள். சாய்தளம் எங்கேயும் கட்டிவிடுகிறார்கள், போட்டோ எடுக்க வசதி. கழிப்பறையில்தான் கோட்டைவிடுவார்கள். உட்காரும் கோப்பையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறதா, சக்கர நாற்காலி கதவுக்குள் நுழைகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அது சரியில்லை என்றால் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

ஆண்டு விழா நடனத்தில் என் மகளை "கறுப்பா இருக்கா, மேடையில எடுபடாது" என்று பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள்.
— தாய், விருதுநகர்

எடுபடாதது அவர்கள் போட்ட லைட்டாக இருக்கும். அடுத்த ஆண்டு ஒத்திகை தொடங்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: பாட்டு பாதி ஓடியதும் முன்வரிசையும் பின்வரிசையும் இடம் மாற வேண்டும். நடன ஆசிரியருக்கு இது புதிதில்லை, சினிமாவிலேயே அப்படித்தான் ஆடுகிறார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியை. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் பெருக்கிக் கோலம் போடுகிறார்கள், பையன்கள் மணி அடித்துக் குடம் தூக்குகிறார்கள். மாற்றச் சொன்னால் சீனியர் டீச்சர், "பொம்பளப் பிள்ளை மணி அடிச்சா எட்டாது" என்கிறார்.
— ர., அரியலூர்

ஸ்டூல் போடுங்கள். பெருக்குவதற்குத் துப்புரவுப் பணியாளர் இருந்தால் பிள்ளைகள் கையில் விளக்குமாறே வேண்டாம். இல்லையென்றால் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வாரம் இருவர், பையனானாலும் பெண்ணானாலும். பட்டியலைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவிடுங்கள். பையனின் அம்மா ஒருவர் கண்டிப்பாகச் சண்டைக்கு வருவார், "எம்புள்ளைய விளக்குமாறு பிடிக்க வைக்கிறீங்களா" என்று. அவரிடம் பதிவேட்டைக் காட்டுங்கள். அடுத்த வாரம் அவர் பையனுக்கு மணி இருக்கிறது.