ஹொஸ்டிங் மறுவிற்பனை: முதலில் டொமைனையும் பக்அப்பையும் கவனியுங்கள்

கேள்வி: கொக்குவிலில் இருந்தபடி இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். நகைக்கடை, விருந்தினர் விடுதி, தனியார் கல்வி நிலையம் என ஏழெட்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஹொஸ்டிங்கையும், அதாவது தளங்களை வைத்திருக்கும் சேர்வர் இடத்தையும், நானே எடுத்து விற்கலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். தளம் திறக்காத நாளில் அதைக் கட்டிக் கொடுத்த உங்களைத்தான் அவர்கள் அழைப்பார்கள். அந்தப் பொறுப்புக்குக் கட்டணம் பெறுவது நியாயமே. சொந்த சேர்வர் தேவையில்லை. ஹொஸ்டிங் நிறுவனத்தின் இடத்தை வாங்கிப் பிரித்து விற்பதற்கான ரீசெலர் திட்டம் ஒன்றை வாங்கினால், டபிள்யூஎச்எம் என்ற நிர்வாகப் பலகையிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி சீபனல் (தளத்தையும் மின்னஞ்சலையும் நிர்வகிக்கும் மென்பொருள்) கணக்குத் திறக்கலாம். சேர்வர் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ இருந்தால் இங்கே தளம் விரைவாகத் திறக்கும்.

இடத்தின் அளவைப் பார்த்து மட்டும் திட்டத்தைத் தெரிவு செய்யாதீர்கள். 2019இல் சீபனல் தன் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றியது. அதனால் எத்தனை கணக்குகளுக்கு அனுமதி என்று முதலில் கேளுங்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் இரண்டு விடயங்கள். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிவாக வேண்டும். டொட் எல்கே என்றாலும் டொட் கொம் என்றாலும் உரிமையாளர் அவர்; நீங்கள் நிர்வகிப்பவர் மட்டுமே. வசதிக்காக எல்லாவற்றையும் தன் பெயரில் பதியும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. நாளை உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் அந்தக் கடைக்காரர் தன் பெயர்ப்பலகையையே இழந்துவிடுவார். இதில் சமரசம் கூடாது.

அடுத்தது பக்அப், அதாவது தளத்தின் காப்புப் பிரதி. ஹொஸ்டிங் நிறுவனம் தினமும் எடுப்பதாகச் சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உங்கள் கணக்கு முடக்கப்பட்டால் அந்தப் பிரதிகளும் கைக்கு எட்டாமல் போகும். வாரம் ஒருமுறையாவது முழுப் பிரதியை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதில் ஒரு தளத்தை எடுத்து, வெற்றுக் கணக்கில் மீட்டுப் பாருங்கள். தரவுத்தளம் இல்லாத அரைகுறைப் பிரதிகள் அப்போதுதான் அகப்படும். டொமைனும் பிரதியும் கையில் இருந்தால், எந்த நிறுவனம் கைவிட்டாலும் டொமைன் எந்தச் சேர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றி வேறிடத்துக்குப் போய்விடலாம்.

தளத்தைவிட மின்னஞ்சலே உங்களை அதிகம் அலைக்கழிக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடுதியின் முன்பதிவு உறுதிக் கடிதம் ஸ்பாமுக்குள் போனால் வாடிக்கையாளர் பொறுக்க மாட்டார். பகிர்ந்த சேர்வரில் முகம் தெரியாத ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினாலே எல்லோரும் பகிரும் ஐபி முகவரியின் (சேர்வரின் இணைய எண்) நற்பெயர் கெட்டுவிடும். அஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்தே வருகிறது என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் முதல் நாளே அமையுங்கள். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோரிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. மின்னஞ்சலை நம்பியே தொழில் செய்பவருக்கு, மேலதிகக் கட்டணத்தில் தனி மின்னஞ்சல் சேவையைப் பரிந்துரைப்பதே என் வழி.

விலைக்கு வருவோம். நீங்கள் செலுத்துவது டொலரில், வாங்குவது இலங்கை ரூபாயில். மாதம் 25 டொலர் திட்டம் என்று வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 5,000 ரூபாய். மே மாதத்தில் 9,000 ரூபாய். ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே ரூபாயில் வாங்கிவிட்டு மாதந்தோறும் டொலர் கட்டியவர்கள் தவித்தது அப்போதுதான். ஆண்டுக்கு வாங்கினால் நீங்களும் ஆண்டுக்கே கட்டுங்கள். நாணய மாற்று விகிதம் உயர்ந்தால் புதுப்பிக்கும்போது விலை மாறும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுங்கள். தளத்துடனான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். முதலில் உங்கள் சொந்தத் தளத்தைப் புதிய திட்டத்துக்கு மாற்றி ஒரு மாதம் ஓடவிடுங்கள். பிறகு ஏழெட்டுப் பேரில் மின்னஞ்சல் பாவனை மிகக் குறைந்தவரை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முதல் நாளே, டிஎன்எஸ் பதிவை மற்ற சேர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதைக் குறிக்கும் டிடிஎல் பெறுமதியை 300 வினாடியாகக் குறைத்துவிட்டால், பழைய சேர்வருக்குத் திரும்ப நேர்ந்தாலும் சில நிமிடங்களில் திரும்பலாம். நகைக்கடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.