நண்பரோடு சேர்ந்து பாட்காஸ்ட்: வாசகர் கேள்விகள்

பாட்காஸ்ட் (இணையத்தில் தொடராக வெளியிடும் பேச்சு நிகழ்ச்சி) தொடங்குவது பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் மைக், மென்பொருள் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, கூட உட்கார்ந்து பேசும் நண்பரைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். நானும் என் கல்லூரி நண்பனும் பல வருடங்களாக வாராவாரம் ஒரு தமிழ் பாட்காஸ்ட் நடத்திவருகிறோம், அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

நானும் என் தோழியும் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. "நீங்க ரெண்டு பேரும் பேசுறதையே பாட்காஸ்டா போடலாமே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகி, திருச்சி)

தாராளமாகப் போடலாம். ஆனால் அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் உங்கள் இருவரையும் நேரில் தெரிந்தவர்கள். அதனால் முதலில் இரண்டு மூன்று எபிசோட் பதிவு செய்து, வெளியிடாமல் வைத்து, உங்கள் இருவரையுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். நண்பர்கள் பேச்சில் பாதி விஷயம் சொல்லாமலேயே புரிந்துவிடும். "அன்னிக்கு அந்தக் கல்யாணத்துல ஒருத்தர் சொன்னாரே..." என்று ஒருவர் ஆரம்பிப்பதற்குள் மற்றவர் சிரித்துவிடுவார், கேட்பவருக்கு எந்தக் கல்யாணம், யார் அந்த ஒருத்தர், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் உங்களில் ஒருவர் கேட்பவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, தனக்குத் தெரிந்திருந்தாலும், "எந்தக் கல்யாணம், முழுசாச் சொல்லு" என்று கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் வர நாளாகும், வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான்.

அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க், சக் பிரையன்ட் என்ற இருவர் 2008-லிருந்து 'ஸ்டஃப் யூ ஷுட் நோ' என்ற பாட்காஸ்டை நடத்திவருகிறார்கள். எடுத்துக்கொள்ளும் தலைப்பில் இருவருமே நிபுணர்கள் கிடையாது. படித்துவிட்டு வந்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள், நாம் நடுவில் உட்கார்ந்து கேட்கிறோம். பேசத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், இவர்கள் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கக் காரணம் அந்தப் படிப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு எபிசோட் எத்தனை நிமிடம் இருக்கலாம்? (வாசகர், ஈரோடு)

பேச விஷயம் இருக்கிற வரைக்கும். கால அளவைவிட, சொன்ன கிழமையில் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

நண்பர் வருகிறார், ஜாலியாகப் பேசுகிறார், போய்விடுகிறார். எடிட்டிங், விவரக் குறிப்பு, படம் எல்லாம் என் தலையில். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பேசாமல் இருக்கிறேன். (வாசகர், கோவை)

இதே கேள்வியை வெவ்வேறு விதமாக நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேசாமல் இருக்காதீர்கள். கல்யாண வீட்டில் பந்தியில் பரிமாறுபவரை எல்லோருக்கும் தெரியும், அடுப்படியில் நிற்பவரை யாருக்கும் தெரியாது. உங்கள் நண்பருக்கும் அப்படித்தான், நிஜமாகவே தெரியாமல் இருக்கலாம். புகார் சொல்வதற்குப் பதிலாக ஒரு நாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எடிட் செய்யுங்கள். பேசும்போது காதில் விழாத மின்விசிறிச் சத்தம், அடுத்த வீட்டுக் குக்கர் விசில், ஒரு வாக்கியத்தை மூன்று தடவை ஆரம்பித்து நாலாவது தடவை முடித்தது, இருவரும் ஒரே நேரத்தில் பேசி இரண்டுமே புரியாமல் போனது, இதையெல்லாம் திரையில் அலை அலையாகப் பார்த்து, ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவரே பார்க்கட்டும். நாங்கள் இதைச் செய்தோம். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து என் நண்பன் வாக்கியத்தில் தடுக்கினால் உடனே நிறுத்தி, ஒரு விநாடி விட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். எடிட்டிங் வேலை அதிலேயே கணிசமாகக் குறைந்தது.

அப்புறம், வேலையை மணிக்கணக்கில் தராசில் வைத்துச் சரிபாதியாகப் பிரிக்கப் பார்க்காதீர்கள், அது நடக்காது, சண்டைதான் வரும். அவரவருக்கு வருவதை முழுசாகக் கொடுங்கள். விருந்தினரைக் கூப்பிடுவது, நேரம் குறிப்பது, தலைப்பைப் படித்துக் குறிப்பு எடுப்பது, கேட்பவர்கள் அனுப்பும் கடிதங்களுக்குப் பதில் போடுவது, குட்டி வீடியோ வெட்டிப் போடுவது, இதெல்லாமும் வேலைதான். அவர் பொறுப்பில் ஒன்று இருந்தால் அதை அவர் எப்படிச் செய்தாலும் நீங்கள் தலையிடக் கூடாது, இதுதான் கஷ்டமான பகுதி.

இன்னொன்று, எடிட்டிங் செய்பவர் கையில் பெரிய அதிகாரமும் இருக்கிறது. யாருடைய ஜோக் இருக்க வேண்டும், யாருடைய கதை போக வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்கிறார். அதனால் வெளியிடுவதற்கு முன் இருவரும் ஒரு முறை கேட்பது, எதை வெட்டச் சொன்னாலும் காரணம் கேட்காமல் வெட்டுவது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர்களைப் பற்றி, ஆபீஸைப் பற்றிப் பேச்சு வேகத்தில் வாயில் வந்தது எத்தனையோ அதனால் வெளியே போகாமல் நின்றிருக்கிறது.

எங்கள் பாட்காஸ்டில் நான் ஒருத்திதான் பெண். நண்பர் என்னைவிட அதிகம் பேசுகிறார், ஆனால் "அக்கா, கொஞ்சம் குறைச்சுப் பேசுங்க", "குரல் கீச்சுனு இருக்கு" என்று எனக்குத்தான் எழுதுகிறார்கள். (வாசகி, மதுரை)

உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை, இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இருவருக்கும் தனித்தனி மைக் இருந்தால் இருவர் குரலையும் தனித்தனி டிராக்கில், அதாவது தனித்தனிப் பதிவாக, எடுக்கலாம். அடுத்த எபிசோடில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அந்த டிராக்குகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதை நண்பருக்குக் காட்டுங்கள். ஒலி அளவையும் சரிபாருங்கள். ஆப்பிள் நிறுவனம் பாட்காஸ்டுக்குப் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு, எடிட்டிங் மென்பொருளில் பார்க்கலாம்). ஆனால் மொத்த எபிசோடை அந்த அளவுக்குக் கொண்டுவருவதற்கு முன் இரண்டு குரல்களையும் தனித்தனியாகச் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குரல் மெலிந்தும் ஒரு குரல் தூக்கலாகவும் கேட்கும்.

அந்தப் பின்னூட்டங்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், உங்கள் நண்பர் சொல்லட்டும், மைக்கிலேயே சொல்லட்டும். "இந்த நிகழ்ச்சி எங்க ரெண்டு பேரோடது, அவங்க பேசறதைக் குறைக்க மாட்டாங்க" என்று ஒரு தடவை கண்டிப்பாகச் சொன்னாலே போதும். சொல்லத் தயங்குகிறார் என்றால், நீங்கள் அவரோடுதான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில், நண்பன் டொரொன்டோவில். கதைக்கும்போது ஒருவர் குரலில் மற்றவர் ஏறிவிடுகிறோம். நேரமும் ஒத்துவருவதில்லை. (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்களுக்கும் அவருக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் அங்கே கடிகாரத்தை மாற்றுவதால் ஒன்பதரை. அவருக்குக் காலை எட்டு என்றால் உங்களுக்கு மாலை ஆறரை அல்லது ஐந்தரை, இருவருக்கும் தூக்கம் கெடாத நேரம் அதுதான். கிழமையையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் "எப்ப வசதி?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் நின்றுவிடும்.

குரல் மோதுவதற்குக் காரணம் இணையத்தில் வரும் தாமதம். இருவரும் ஹெட்போன் போட்டு, வீடியோவை ஆன் செய்து பேசுங்கள். எதிராளி மூச்சு இழுத்து வாய் திறப்பது தெரிந்தால் தானாக நிறுத்துவீர்கள். ஆனால் இணையத்தில் வரும் குரலைப் பதிவு செய்யாதீர்கள், அவரவர் பக்கத்தில் அவரவர் குரலைத் தனியாகப் பதிவு செய்து பிறகு சேருங்கள். இரண்டு பக்கமும் பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதிவது) என்று ஒன்றாகவே இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் சேர்ந்து ஒரு கைதட்டல் தட்டுங்கள். தொடக்கத் தட்டலை வைத்து இரண்டு பதிவுகளையும் பொருத்தலாம், முடிவில் உள்ளதை வைத்து நடுவில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது, நீளமான பதிவில் அந்த விலகல் காதுக்கே தெரியும்.

முதல் விளம்பரம் வந்திருக்கிறது. பாட்காஸ்ட் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் நண்பர் பெயரில். நண்பரிடம் போய் எழுத்தில் கேட்பது அசிங்கமாக இருக்காதா? (வாசகர், சேலம்)

இப்போது கேட்டால் அரை மணி நேரச் சங்கடம், அதோடு போச்சு. பணம் பெருகிய பிறகு கேட்டால்தான் சந்தேகப்பட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும்.

நம் ஊரில் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக ஒத்துக்கொண்டு இருவர் ஒரு தொழில் நடத்தினால், வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை, 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 13-ஆவது பிரிவில் சொல்வது லாபமும் நஷ்டமும் சரிபாதி. அதே பிரிவு, தொழிலை நடத்தும் வேலைக்காகக் கூட்டாளி தனியாகச் சம்பளம் கேட்க முடியாது என்றும் சொல்கிறது. அதாவது மேலே கேள்வி எழுதிய கோவை வாசகருக்கு, தனியாகப் பேசி வைக்காவிட்டால், எடிட்டிங்குக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்க வழியில்லை. விளம்பரப் பணம் ஒருவர் பெயரில் வந்தால் வருமானவரிக் கணக்கிலும் அவர் வருமானமாகவே ஏறும், அவரையும் அது சிரமப்படுத்தும்.

ஒரு பக்கம் போதும். பணம் எப்படிப் பிரியும், எடிட்டிங்குக்குத் தனியாக எவ்வளவு, எந்த விளம்பரத்தை யார் வேண்டாம் என்றாலும் எடுக்கக் கூடாது, பெயரும் பழைய எபிசோடுகளும் யாருடையவை, ஒருவர் விலகினால் என்ன. கூடவே ஃபீட் (புது எபிசோடைக் கேட்பவர்களின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் இணையப் பட்டியல்) இருக்கும் கணக்கை இருவருக்கும் பொதுவான ஒரு மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்காஸ்ட் செயலிகளில் கேட்பவர்கள் அந்த ஃபீடின் முகவரியை (ஆர்எஸ்எஸ் முகவரி என்பார்கள்) பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். வேறு இடத்துக்கு மாறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதுக்குத் திருப்பிவிட வேண்டும், கணக்குக்குள் நுழைய முடியாதவரால் அதைச் செய்ய முடியாது.

இப்போதெல்லாம் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "இரு இரு, இதை ரெக்கார்டிங்ல பேசுவோம்" என்கிறாள் தோழி. மைக் இல்லாமல் நாங்கள் பேசியே நாளாகிவிட்டது. (வாசகி, சென்னை)

வந்த கடிதங்களிலேயே இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நன்றாகப் போகிற நிகழ்ச்சிகளில்தான் இது வருகிறது. கேட்பவர்களுக்கு உங்கள் நெருக்கம் பிடிக்கிறது, அதனால் நெருக்கமான பேச்சையெல்லாம் அவர்களுக்காக எடுத்து வைக்கிறீர்கள், உங்களுக்கென்று மிச்சம் இருப்பது "லிங்க் அனுப்பிட்டியா", "தலைப்பு என்ன" மட்டும்தான்.

அமினட்டூ சோ, ஆன் ஃப்ரீட்மன் என்ற இரு தோழிகள் 2014-இல் தொடங்கிய 'கால் யுவர் கேர்ள்ஃபிரெண்ட்' என்ற பாட்காஸ்ட் வேறு வேறு ஊரில் இருக்கும் இரண்டு தோழிகளின் தொலைபேசிப் பேச்சாகவே அமைந்தது. ஊரே அவர்கள் நட்பைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது உள்ளே அந்த நட்பு விரிசல் விட்டிருந்தது, இருவரும் சேர்ந்து ஒரு மனநல ஆலோசகரிடம் போனார்கள். அதைப் பிறகு 2020-இல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். நிகழ்ச்சியை 2022-இல் முடித்துக்கொண்டார்கள். நட்பைக் காப்பாற்ற ஆலோசகரிடம் போனதை வெளியில் சொன்ன அந்தத் துணிச்சல் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உங்கள் தோழியிடம் நேராகச் சொல்லுங்கள்: "இது ரெக்கார்டிங்குக்கு இல்லடி, உனக்கு." நானும் நண்பனும் பதிவு முடிந்ததும் டீக்கடைக்குப் போவோம், அங்கே நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெளியூரில் இருக்கும்போது போன். அப்பாவின் உடம்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், கடன், இதெல்லாம் எபிசோடில் வராது. அதனால் நிகழ்ச்சி ஒன்றும் சப்பென்று ஆகிவிடவில்லை.

பல வருடமாகச் சேர்ந்து நடத்திய நண்பர் விலக விரும்புகிறார். சண்டை எதுவும் இல்லை, வேலை மாறிவிட்டது. நான் தனியாகத் தொடரலாமா? (வாசகர், புதுச்சேரி)

அவரிடம் கேட்டுவிட்டுத் தொடரலாம். நகைச்சுவையாளர்களான ஜான் ஆலிவரும் ஆன்டி சால்ட்ஸ்மனும் 2007-இல் தொடங்கிய 'தி பியூகிள்' பாட்காஸ்டில், ஆலிவருக்குத் தொலைக்காட்சி வேலை பெருகி அவர் விலகிய பிறகு, சால்ட்ஸ்மன் 2016-இல் அதைப் புதுசாக ஆரம்பித்தார். பழைய நண்பரின் இடத்தில் ஒரே ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்காமல், மாறி மாறிப் பலரை அழைத்தார். புது ஆளைப் பழைய ஆளோடு ஒப்பிட்டே கேட்பவர்கள் சலித்துப்போவதை அது தவிர்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது, உங்களுக்கும் அந்த வழியே நல்லது.

நண்பர் திடீரென்று காணாமல் போக விடாதீர்கள். கடைசி எபிசோடில் அவரே வந்து ஏன் போகிறார் என்று தன் வாயால் சொல்லட்டும், இல்லையென்றால் கேட்பவர்கள் ஆளுக்கொரு சண்டைக் கதை கட்டிவிடுவார்கள். பழைய எபிசோடுகளை அப்படியே வையுங்கள். எபிசோடுகளை இணையத்தில் வைத்திருக்க உங்களிடம் மாதக் கட்டணம் வாங்கும் தளத்தில் அவை இருந்தால், நீங்கள் கட்டுவது நின்ற பிறகு மறைந்துவிடக்கூடும். அதனால் எல்லாக் கோப்புகளையும் இப்போதே இறக்கி, ஒரு ஹார்டு டிஸ்க் உங்களிடம், ஒன்று அவரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.