பரணில் கிடக்கும் ரெக்கார்டிங் சாமான்கள்: கேள்வி பதில்

வீட்டில் பாட்டு ரெக்கார்டிங் செய்த காலத்துச் சாமான்களை இப்போது என்ன செய்வது என்று நம் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பலருக்கும் உதவும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். எந்தப் பெட்டியையும் தூக்கிப் போடும் முன், அதில் மட்டுமே ஓடும் டேப் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணே, அப்பா வாங்கிய நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் ஓடுகிற நிலையில் இருக்கிறது. இனி யார் கேசட்டில் பாட்டு எடுக்கப் போகிறார்கள்? பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. 1979இல் டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டுடியோ ரெக்கார்டர் வந்த பிறகு பரவிய, நாலு ஒலிகளைத் தனித்தனி டிராக்கில் பதியும் மெஷின் வகை இது. வீட்டுக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

காரணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் இருக்கிறது. சாதாரணக் கேசட்டில் ஏ பக்கம் டேப்பின் பாதி அகலத்திலும், பி பக்கம் மறுபாதியிலும் பதிவாகியிருக்கும். உங்கள் மெஷினின் ஹெட் முழு அகலத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும். பாட்டி பாடிய தாலாட்டுக் கேசட்டை அதில் போட்டால் 1, 2 டிராக்கில் ஏ பக்கம் நேராக வரும். 3, 4 டிராக்கில் பி பக்கம் பின்னிலிருந்து முன்னாக வரும். நாலையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பி பக்கத்தை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் ரிவர்ஸ் செய்துவிட்டால் முடிந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு இன்புட்தான் என்றால் இரண்டு தடவை ஓட்டுங்கள்.

இந்த மெஷின்களில் பல, சாதாரணக் கேசட்டைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுபவை. அதுவும் நல்லதுதான். 60 நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கமும் 15 நிமிடத்தில் ஏறிவிடும். பிறகு வேகத்தைப் பாதியாக்க வேண்டும். அப்படிச் செய்வதானால் சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பதிவு செய்யுங்கள், மேல் ஸ்தாயி ஒலிகள் தப்பும். இரைச்சலைக் குறைப்பதற்கான டிபிஎக்ஸ் ஸ்விட்ச் ஆஃபில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் ஏறி இறங்கிக் கெட்டுப்போகும்.

முக்கியமாக, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிட்டுப் போடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டன் பட்டால் பாட்டியின் குரல் போய்விடும், திரும்ப வராது.

சத்துவாச்சாரியிலிருந்து: சார், டெக்கில் மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, கேசட் நகரவில்லை.

பெல்ட் போயிருக்கும். நம் ஊர் வெயிலில் பரணில், அதுவும் ஷீட் கூரைக்கு அடியில் வைத்திருந்தால் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து முழுக்கத் துடைத்த பிறகே புது பெல்ட் போட வேண்டும். சரியானதும் கீழ் அறையில் வையுங்கள்.

அணைக்கட்டிலிருந்து: அண்ணா, ஆறு சேனல் மிக்சர் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டு சேனலில் கரகரப்பு. எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார் பாடுவதைப் பதிவு செய்ய உதவுமா?

கட்டாயம் உதவும். கேள்வியைப் படித்ததுமே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கரகரப்பு பெரும்பாலும் தூசிதான். பவரைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, வால்யூமை மேலும் கீழும் நன்றாக ஓட்டினால் அடங்கும்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் விடியவிடிய ஆடும்போது பதிவு செய்யாதீர்கள். ஹாரன் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பகலில் ஒரு திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். வாத்தியாருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மத்தளத்துக்கு இரண்டு. முகவீணை என்ற ஊதுகுழலுக்குத் தனி மைக் வேண்டாம், அது எல்லா மைக்கிலும் ஏறிவிடும். அதை வாசிப்பவரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

மிக்சர் அவுட்டை நேராக போனின் ஹெட்போன் துளையில் செருகக் கூடாது. அது மைக்கின் மெல்லிய சிக்னலுக்கான வழி, மிக்சரிலிருந்து வரும் பலமான லைன் அளவு சிக்னல் அதில் உடைந்துவிடும். லைன் இன் உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு நடுவில் போதும். எந்த இடம், என்ன கதை, யார் பாடுகிறார் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். பேப்பரில் எழுதியது தொலைந்துபோகும்.

ஆற்காட்டிலிருந்து: பம்பை அடிப்பதைப் பதிவு செய்தால் அடிச் சத்தம் மெலிந்து வருகிறது. பழைய ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்ன பகுதி) போய்விட்டது.

அந்த ஸ்பீக்கரில் அடிச் சத்தம் தரும் பெரிய கூம்பான வூஃபரையே மைக்காகப் போடலாம். ஸ்பீக்கரும் டைனமிக் மைக்கும் உள்ளே ஒரே வேலைதான் செய்கின்றன: சுருள், காந்தம், கூம்பு. திசை மட்டும் மாறுகிறது. யமஹா என்எஸ்10 ஸ்பீக்கரின் வெள்ளை வூஃபரை இப்படித்தான் ஸ்டுடியோக்களில் டிரம்ஸின் கிக்குக்கு வைத்தார்கள். வூஃபரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் மைக் கேபிளின் 2, 3 பின்னில் பற்றவைத்து, பம்பையின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும். இதில் அடிமுழக்கம் மட்டும்தான் வரும், குச்சி படும் சத்தத்துக்கு வழக்கமான மைக் ஒன்றும் கூடவே வேண்டும்.

ஆம்பூரிலிருந்து: தம்பி, 90களில் வாங்கிய கீபோர்டில் ஃபிளாப்பி டிரைவ் போய்விட்டது. மகள் கற்றுக்கொள்ள ஆகுமா?

நன்றாக ஆகும் அக்கா. பின்பக்கம் ஐந்து துளை உள்ள வட்டமான மிடி சாக்கெட் (கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வழி) இருக்கிறதா பாருங்கள். 1983இல் வந்த அந்த முறை இன்றும் அப்படியே வேலை செய்கிறது. யூஎஸ்பி மிடி கேபிள் ஒன்று வாங்கிக் கம்ப்யூட்டரில் சேருங்கள். சத்தம் வராவிட்டால் இன், அவுட் முனைகளை மாற்றிப் போடுங்கள்.

காட்பாடியிலிருந்து: விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும் சவுண்ட் கார்டு, அதோடு பழைய கம்ப்யூட்டர்.

இரண்டையும் பிரிக்காமல் ரெக்கார்டிங்குக்கு மட்டும் வையுங்கள். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் இன்டர்நெட் வேண்டாம். ஃபைலை பென் டிரைவில் எடுத்து, புதிய கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: எனக்கு எதுவும் தேவையில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கொடுங்கள் ஐயா. பஜனைக் கோஷ்டி, பள்ளிக்கூடம், கூத்துக் குழு, யார் கேட்டாலும். ஆனால் பெட்டியோடு அதன் அடாப்டரையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். எத்தனை வோல்ட், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று ஒட்டும் டேப் ஒன்றில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். தவறான அடாப்டர் செருகினால் நல்ல மெஷினும் அன்றைக்கே போய்விடும்.