காக்ளியர் இம்ப்ளான்ட்டும் ‘ஹியரிங் எய்ட்’தானா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. இரண்டு காதும் கேட்காமல் போனதால் மதுரையில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் செய்தோம். ஆறு வருடமாக விடாமல் பிரீமியம் கட்டுகிறோம். ‘ஹியரிங் எய்டுக்குக் காப்பீடு கிடையாது’ என்று கிளைம் முழுவதையும் நிராகரித்துவிட்டார்கள். பேச்சுப் பயிற்சிச் செலவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பாலிசி புத்தகத்தை எடுத்துப் படியுங்கள், ஏஜெண்ட் தந்த விளம்பரத் தாளை அல்ல. விலக்குப் பட்டியலில் (எதற்கெல்லாம் காப்பீடு இல்லை என்ற பட்டியல்) காக்ளியர் இம்ப்ளான்ட் என்று பெயர் சொல்லியே இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். ‘ஹியரிங் எய்ட்’ என்று மட்டும் இருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம். ஹியரிங் எய்ட் ஒலியைப் பெருக்கும், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். இம்ப்ளான்ட்டின் எலக்ட்ரோடை மயக்க மருந்து கொடுத்து, எலும்பைக் குடைந்து உள்காதில் வைக்கிறார்கள். அது செவி நரம்பையே தூண்டுகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? பாலிசி வாசகம் இரண்டு அர்த்தம் தந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமானதையே கொள்ள வேண்டும் என்று புஷ்பாலயா பிரின்டர்ஸ் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒலியை வாங்கி உள்ளே இருக்கும் பாகத்துக்கு அனுப்ப, காதுக்கு வெளியே மாட்டும் ஸ்பீச் பிராசஸர்தான் சிக்கல். அதை வெளிக்கருவி என்பார்கள். அதனால் மருத்துவமனையில் பில்லைப் பிரித்து வாங்குங்கள்: ஆபரேஷன், அறை, உள்ளே வைத்த பாகம், பிராசஸர் என்று தனித்தனியாக. பிராசஸர் தொகை கிடைக்காமல் போனாலும் மற்றவற்றைக் கேட்க வழி இருக்கும். மேப்பிங் (கருவியை அம்மாவின் கேட்கும் அளவுக்கு ஏற்ப அமைப்பது), பேச்சுப் பயிற்சியை டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவில் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடப் பயிற்சிக்கும் பணம் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

‘முன்பே இருந்த நோய்’ என்று கம்பெனி பிறகு மாற்றிப் பேசினால் பயப்படாதீர்கள். நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாத காரணத்தைப் பின்னால் சேர்க்க முடியாது; சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் தீர்ப்பு (2019) இதைத் தெளிவாக்கியது. தவிர, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் IRDAI-யின் 2024 விதிகளின்படி 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில் மோசடியை நிரூபித்தால் தவிர அந்தக் காரணம் எடுபடாது.

சரி, எங்கே போவது? முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கம்பெனியின் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் நிராகரிக்கக் கூடாது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வாதாட முடியாது (எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம்). நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்தால் அவர் எடுக்க மாட்டார் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடக் கெடு. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.